கடற்படை முகாமுக்குள் என்னைக் கொண்டுபோன ஆண்டவர்

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன், என் இரண்டு கால்களும் செத்துப்போயின. இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் சம்பூர்க்காரன். இப்போது பாலையூற்றில் இருக்கிறேன். கடலட்டை பிடிப்பது தொழில். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி அட்டை பொறுக்குவோம். விடுப்பு, அதாவது ஊர் உலகத்துக் கதைகளைத் துருவித் துருவி அறிவது, என்றால் எனக்கு உயிர். அதிலும் கமாண்டோக் கதை என்றால் சோறும் வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் ஆறு இத்தாலியர்கள் டோர்பிடோவின் மேல் சைக்கிளில் போவதுபோல் குந்திக்கொண்டு, அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்குள் புகுந்து, கப்பல்களுக்குக் கீழே குண்டு வைத்தார்கள். அதை நகர நூலகத்தில் எத்தனை முறை வாசித்திருப்பேன்! கடலில் இறங்கும்போது நானும் அவர்களில் ஒருவன் என்று நினைப்பு. "இந்த மனுசனுக்கு வேதப்புத்தகத்தை விட வெடிகுண்டுப் புத்தகந்தான் பெரிசு" என்று மனைவி செல்வி சபையிலேயே சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

அன்று மூன்றாவது முறை இறங்கினேன். அட்டை நிறையக் கிடந்தது. காற்று முடியப்போகிறது என்று கண்டதும் அவசரமாக மேலே வந்தேன். வள்ளத்தில் ஏறியவுடன் முழங்கால்கள் விண்விண் என்று வலித்தன. வள்ளம் ஓட்டிய மச்சான், "ஒண்டுமில்லை, திரும்ப ஒருக்கா இறங்கு மச்சான், விட்டிடும்" என்றான். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது அதுதான். இறங்கினேன். கீழே நோவு உண்மையாகவே பறந்துவிட்டது. சிரித்துக்கொண்டு மேலே வந்தேன். வந்தபின் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கிள்ளிப் பார்த்தேன், வேறு யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: "ஆழத்தில இருந்து அவசரமா மேல வந்ததால உடம்புக்குள்ள காத்துக் குமிழ் அடைச்சிருக்கு. மருந்தால மட்டும் ஏலாது. நேவி முகாமில இதுக்கு ஒரு அறை இருக்கு. கடிதம் தாறன், கெதியாப் போங்கோ. பிந்தினால் கால் வராது."

நேவி முகாமா? இரண்டாயிரத்து ஆறில் சண்டையில் படை வந்தபோது சம்பூரை விட்டு ஓடியவன் நான். சீருடையைக் கண்டால் சைக்கிளை மற்றத் தெருவால் விடுகிறவன். அம்புலன்ஸில் கிடந்து அழுதேன். "ஆண்டவரே, கமாண்டோக்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நுழைகிற மாதிரி இடம் அது. எனக்கு எழும்பி நிற்கவே ஏலாது. நீர்தான் கொண்டுபோக வேண்டும்." செல்வி என் காலைப் பிடித்தபடி வாய்விட்டு ஜெபித்தாள். அவள் பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

கேட்டில் நின்றவன் கடிதத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தடையைத் தூக்கிவிட்டான். ஒரு கேள்வி இல்லை! கமாண்டோக்கள் மாதக்கணக்கில் திட்டம் போட்டு நுழைகிற மாதிரி இடத்துக்குள், இடுப்பில் உப்புக் காய்ந்த சாரத்தோடு நான் படுத்தபடியே போனேன். ஸ்தோத்திரம்!

அது ஓர் இரும்பு அறை. உள்ளே காற்றை அமுக்கி, ஆழ்கடலில் இருப்பதுபோல் ஆக்கி, பிறகு மணிக்கணக்காக மெல்ல மெல்லக் குறைப்பார்கள். என்னோடு ஒருவர் உள்ளே வந்து இருந்தார். தலை நரைத்த சிங்களவர். முன்பு கடற்படையில் முக்குளிக்கும் கமாண்டோ, இப்போது இந்த அறையில்தான் வேலையாம். கொஞ்சம் தமிழ் கதைத்தார். கால் செத்தும் என் விடுப்புக் குணம் சாகவில்லை, பாருங்கள்! இத்தாலியர் கதையை அவரிடம் அவிழ்த்துவிட்டேன்.

"கப்பலுக்குக் கீழ போனது சரி. அவங்க திரும்பி வந்தது எப்பிடி?" என்று கேட்டார்.

"ஆறு பேரும் பிடிபட்டிட்டாங்கள், ஐயா."

"போறதுக்கு நிறையப் பேருக்குத் தைரியம் இருக்கு, தம்பி. வாறதுக்குப் பொறுமை வேணும். நீ கடலில அவசரமா வந்த. இப்ப நான் உன்னை மெதுவாக் கூட்டிட்டு வாறன்."

எத்தனை முறை வாசித்தும் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. வெட்கமாக இருந்தது. "ஆண்டவரே, அவசரப்பட்டுக் கெட்டேன், மன்னியும்" என்று கண்ணை மூடிக் கெஞ்சினேன்.

அன்று கால் அசையவில்லை. அடுத்த நாள் கொண்டுபோனபோதும் இல்லை. மூன்றாம் நாள் அவர் என் வலது பெருவிரலைப் பிடித்து முறுக்கினார். "விடுங்கோ ஐயா, நோகுது!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் விளங்கியது. நோகுது! அவர் சிரித்தார். நான் சிரித்தபடியே அழுதேன்.

"ஒவ்வொரு நாளும் நீங்கள்தானா உள்ளுக்கு இருக்க வேணும்?" என்று கேட்டேன்.

"இல்லை. நானே கேட்டு வந்தது. எனக்கும் ஒருக்கா இப்பிடிக் கால் போச்சு. அந்த நேரம் உள்ளுக்குத் தனியா இருந்தது. பயம்."

இன்று நடக்கிறேன். இடது கால் கொஞ்சம் இழுக்கிறது, இருக்கட்டும். ஆழத்துக்கு இறங்குவதை விட்டுவிட்டு மச்சானோடு வலை போடுகிறேன். அட்டைக்குப் போகிற பொடியளைக் கண்டால், "கால் நொந்தால் திரும்ப இறங்காதை, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று கரைச்சல் கொடுக்கிறேன்.

விசுவாசிகளே, உதவியைக் கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். ஆனால் அது யார் கையால் வர வேண்டும் என்று ஆண்டவருக்குச் சட்டம் போடாதீர்கள். அந்த மனிதர் இப்போது ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். முழங்கால் நோவாம். "உன்ட சாமிட்ட எனக்கும் சொல்லு" என்று போனில் கேட்டார். இன்றைக்கு நாம் முழங்காலில் நிற்கும்போது, முகத்தைச் சுளிக்காமல் அவருக்காகவும் ஒரு ஜெபம் செய்யுங்கள். நானும் முன்பு சுளித்தவன்தான்.