இரண்டாவது மூட்டை

ஆரியசாலையில் சரக்கு வைக்க இரண்டு கிட்டங்கி, மூன்று லாரி, கரமனையில் மாடிவீடு. வித்துரா மலையிலிருந்து இறங்கும் மிளகில் பாதி என் கடை வழியாகத்தான் போகும். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது இவ்வளவும். ஒருத்தன் கை கொடுக்கவில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். நான் முன்பு மூட்டை தூக்கிச் சுமடு எடுத்த அரிசிக் கிட்டங்கியில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த சாமியின் பேத்தி. சாமிக்கு வழக்கொழிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் மேல் பைத்தியம். சுமப்பதற்கு ‘பாஜுலேட்’ என்பார். ஒழுங்கீனமாக நடப்பதற்கு ‘மிஸ்டிமீன்’. கிட்டங்கிப் பதிவேட்டையும் அப்படித்தான் எழுதுவார். பேத்தி அவற்றைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறாளாம்; பழைய ஆள் என்று என்னிடம் விவரம் கேட்க வந்தாள்.

"இந்த வரியத்தான் உதாரணமா போடறேன் அண்ணாச்சி," என்று கொண்டுவந்த பதிவேட்டைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "மூட்டைய பாஜுலேட் பண்றச்சே குடிச்சு மிஸ்டிமீன் பண்ணி, பலகையிலேர்ந்து விழுந்து செத்தான். ரெண்டு வார்த்தையும் ஒரே வரியில, கொள்ளாம், நன்னாருக்கு அல்லே?"



விழுந்தவன் என் ஜோடி. மூட்டையைத் தலையில் ஏற்ற ஜோடிக்காரன்தான் கை கொடுக்க வேண்டும். தானாக எவனும் ஏற்ற முடியாது. அன்று மழை, லாரியில் ஏறும் பலகை வழுக்கியது.

"ஒண்ணுதானாடே? இத எங்க அம்மையும் எடுப்பா, கேட்டியா," என்றேன், அவன் தலையில் முதல் மூட்டையை ஏற்றிவிட்டு.

"அப்ப இன்னொண்ணு வையிடே. நீயா நானான்னு பாப்போம்," என்றான்.

வைத்தேன். மூன்றாவது அடியில் கால் சறுக்கியது. கழுத்து ஒடிந்த சத்தம் மழையிலும் கேட்டது.

முதலாளி விசாரித்தபோது, "குடிச்சிருந்தான்" என்றது நான். அவன் தொட்டதே கிடையாது. சாமி என் பேச்சை நம்பி எழுதினார். எங்கள் சுமட்டுக் கூட்டத்தில் செத்தவன் இடம் அவன் தம்பிக்குப் போவது வழக்கம். ஒழுங்கீனம் என்று பதிந்தால் போகாது. தம்பி எட்டு நாள் கிட்டங்கி வாசலில் நின்றுவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறினான். பிறகு அந்தக் கூட்டத்துக்கு நான் மேஸ்திரி ஆனேன். மேலே சொன்னதெல்லாம் அங்கே தொடங்கியது.

"நன்றிப் பக்கத்துல உங்களையும் சேர்த்துடறேன்," என்று எழுந்தாள் பேத்தி.

"அங்க வேண்டாம் மக்ளே," என்று நடந்ததைச் சொல்லி, அதையும் புத்தகத்தில் போடக் கேட்டேன்.

பதிவேட்டை மூடிப் பையில் வைத்தாள். "இது தாத்தா புஸ்தகமாக்கும் அண்ணாச்சி," என்று போய்விட்டாள். இன்னும் பதில் இல்லை. அதனால்தான் புத்தகம் அச்சடிக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

அந்த வரியை அச்சடிப்பதானால் கீழே இதையும் சேர்க்க வேண்டும்: அவன் குடிக்கவில்லை. இரண்டாவது மூட்டையை வைத்தவன் நான், பொய் சொன்னவனும் நான். கிட்டங்கியும் லாரியும் என் பெயரில் இருக்கின்றன. இதுவும் என் பெயரில்தான் இருக்க வேண்டும்.