யாரோடு விளையாடித் தோற்றார்கள்

சிவனேஸ்வரிக்கு இரத்தம் எடுக்கிற வேலை. சிட்னியில், டூங்கபி வீட்டிலிருந்து சில ஸ்டேஷன்கள் தள்ளி ஒரு மருத்துவ நிலையம். விடியற்காலையில் தொடங்கினால் மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துப் பேச்சுக் கொடுப்பார். அவர்கள் திருப்பிக் கேட்டால், "ஒரு மகள். அமெரிக்காவிலை பாஸ்கற்போல் விளையாடுறாள்" என்பார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் நெடுநாள் எதுவும் இருக்கவில்லை.

மகள் மிருணாளினி ஆறடி உயரம். பள்ளிக்கூட நாட்களில் சனிக்கிழமைதோறும் தாயும் தகப்பனும் மாறிமாறி அவளை விளையாட்டரங்குகளுக்கு ஏற்றிப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் முழுப் புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிட்டது. போனாள். முதல் வருடம் பெரும்பாலும் களத்தில் இறங்காமல் பெஞ்சில் இருந்தாள். இரண்டாம் வருடம் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த மாதத்தில்தான் சிவனேஸ்வரியின் கணவர் கதிர்காமநாதனுக்கும் இருதய அறுவை சிகிச்சை. யாரை விட்டுவிட்டு யாரிடம் போவது? மகள் காலுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தது உதவிப் பயிற்சியாளர்.

அதன் பிறகு மிருணாளினியின் தொலைபேசிப் பேச்சு சுருங்கிப்போனது.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"கால் நோகுதே?"

"இட்ஸ் ஓகே, அம்மா."

அவ்வளவுதான். தாய்க்குக் கேட்க வேறு கேள்வி தெரியவில்லை. மகளுக்கும் சொல்ல மனமில்லை.

ஒரு நாள், வேறு ஒன்றும் தோன்றாமல், "நீங்கள் போன கிழமை தோத்தது பெரிய டீமோ?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு மிருணாளினி நிறுத்தாமல் பேசினாள். அந்த அணி யாரையெல்லாம் வென்றது, ஏன் அவர்களிடம் தோற்பது வெட்கமில்லை, சும்மா பலவீனமான அணிகளாகப் பார்த்து விளையாடி வெற்றிகளைக் குவிக்கிறவர்கள் யார் யார் என்று எல்லாம் சொன்னாள். எதிராளிகள் எவ்வளவு பலம், அந்த எதிராளிகளின் எதிராளிகள் எவ்வளவு பலம் என்று பார்த்துத்தான் ஓர் அணியின் ஷெடியூல், அதாவது ஆட்ட அட்டவணை, எவ்வளவு கடினம் என்று கணிப்பார்களாம். தேநீர் ஆறிக் கிடந்தது. மகளுடைய குரல் பழையபடி உயர்ந்து தாழ்ந்து ஓடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார் சிவனேஸ்வரி.

அன்றிலிருந்து அவர் அந்த ஆட்டங்களைப் பின்தொடரத் தொடங்கினார். அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே காலை. வேலை இடைவேளையில் தொலைபேசியில் பார்ப்பார். முன்னணி அணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒரு தோல்வியும் இல்லாத அணி ஏன் ஐந்தாம் இடத்தில் இருக்கிறது, இரண்டில் தோற்ற அணி ஏன் முதலிடத்தில் இருக்கிறது என்று கூட வேலை செய்யும் மலேசியாக்காரி கேத்ரினுக்கு விளக்குவார்.

"அக்கா, இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க?" என்று கேத்ரின் சிரித்தாள்.

"மகளோடை கதைக்க எனக்கு வேறை என்ன இருக்கு, பிள்ளை?"



மிருணாளினியின் நான்காம் வருடம். கால் தேறி, ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் ஒருத்தியாகிவிட்டாள். ஆனால் அந்தப் பருவத்தில் அவர்களுடைய அணி வென்றதைவிடக் கொஞ்சம்தான் குறைவாகத் தோற்றிருந்தது. மார்ச் மாதம் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தெரிவு செய்வார்கள். இவர்கள் உள்ளே வருவார்களா, வெளியே நிற்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அந்த மலைப்பக்கத்துச் சின்ன யூனிவர்சிட்டி ரெண்டு மூண்டிலைதானே தோத்தது. அவையைத்தான் எடுப்பினம்" என்றார் கதிர்காமநாதன், குசினி வாசலில் நின்றபடி.

"அவை ஆரோடை விளையாடினவை? ஒரு பெரிய டீமையும் காணேல்லை. எங்கடை பிள்ளையள் முதல் இருபதுக்குள்ளை இருக்கிற அரைவாசிப் பேரோடை மோதினவை."

"தோத்தது தோத்ததுதானே, இஞ்சை பாரும்."

"ஆரோடை தோத்தவை எண்டு பாருங்கோ."

அதே கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். "அம்மா, எங்களை எடுக்காட்டி சீசன் முடிஞ்சுது. அடுத்த கிழமை ஸ்பிரிங் பிரேக் லீவு. கோச்சிட்டைக் கேட்டிட்டன். நான் வீட்டை வாறன்."

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல். சிவனேஸ்வரி பெண்டில் ஹில் கடைக்குப் போய்ப் பாரை மீனும் முருங்கைக்காயும் வாங்கினார். மகளின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார். போட்டுவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அவள் இந்தக் கட்டிலில் வந்து படுக்க வேண்டுமென்றால் அங்கே அவளுக்குத் தோல்வி வர வேண்டும். எழும்பி விரிப்பின் சுருக்கத்தைத் தடவிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேஸ் ஹில் முருகன் கோவிலில் கைகூப்பி நின்றார். எதைக் கேட்பதென்று முடிவெடுக்குமுன் தீபத்தட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

தெரிவு அறிவிப்பு சிட்னியில் திங்கட்கிழமை காலை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கணவரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன்னணி அணிகளுக்கு அடுத்து நடுத்தர அணிகள். மலைப்பக்கத்து அணியின் பெயர் வரவேயில்லை. கடைசிப் பகுதியில் மிருணாளினியின் பல்கலைக்கழகம் திரையில் விழுந்தது. சில விநாடிகள் அவர்களைக் காட்டினார்கள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். பின்னால் மிருணாளினி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, நம்ப முடியாதவள்போல் நின்றாள். இவ்வளவு கடினமான ஷெடியூலைக் கண்ட அணியை ஒதுக்க முடியாது என்றார் வர்ணனையாளர்.

"நீர் சொன்னது சரி!" கதிர்காமநாதன் கைதட்டினார், கண்ணும் கலங்கிவிட்டது.

சிவனேஸ்வரியும் கைதட்டினார். சந்தோஷம்தான், பொய்யில்லை. பிறகு குசினிக்குப் போய் மீனை எடுத்து ஃபிறீசரில் வைத்தார்.

முதல் ஆட்டத்தில் அவர்கள் வென்றார்கள், யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவதில் நாட்டின் முதல்தர அணியோடு கடைசி நிமிடம்வரை போராடித் தோற்றார்கள். சிவனேஸ்வரி வேலையிடத்து மாடிப்படியில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

மிருணாளினி அழுதாள். அணியின் பஸ்ஸில் பின்சீற்றில் இருக்கிறாளாம். கால் காயத்தால் ஆட முடியாமல் போன வருடத்துக்குப் பதிலாக இன்னொரு வருடம் விளையாடலாம். வேறொரு பெரிய பல்கலைக்கழகம் தங்களுக்கு விளையாட வரச்சொல்லிக் கேட்கிறது என்றாள். பிறகு சின்னப் பிள்ளையின் குரலில், "எனக்குக் களைச்சுப் போச்சு அம்மா. நான் வரட்டே?" என்றாள்.

சிவனேஸ்வரி மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வா எண்டு சொல்லத்தான் ஆசையாக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் ஆசைதான். உனக்கு ஆபரேஷன் நடந்தண்டு வர ஏலாமப் போனது இப்பவும் நெஞ்சுக்குள்ளை கிடக்கு. நீ வந்தா எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா அது என்ரை ஆசை, மிருணா. நீ களைச்சுப்போய்க் கேக்கிறியோ, மெய்யாக் கேக்கிறியோ?"

பஸ்ஸின் இரைச்சலுக்குள் மிருணாளினி மூக்கை உறிஞ்சினாள்.

"ஐ வோன்ட் டு ப்ளே, அம்மா."

"அப்ப விளையாடு."

"யூ ஷுவர்?"

"இல்லை" என்றார் சிவனேஸ்வரி. "எண்டாலும் விளையாடு."

அழுகைக்கு நடுவில் மகள் சிரித்துவிட்டாள்.

ஜூன் மாதம் படிப்பு விடுமுறையில் மிருணாளினி மூன்று கிழமை வந்தாள். பகல் ஏறும்வரை நித்திரை கொண்டாள். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிவனேஸ்வரி வேலைக்குப் போகுமுன் கதவைத் திறந்து அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுப் போவார். முழங்காலில் தழும்பு வெளிறியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள், பக்கத்துப் பூங்காவின் சிமெந்துத் தரையில் பந்து எறியப் போனாள். தாயும் கூடப் போனார். மகள் எறிய எறிய, வளையத்துக்குக் கீழே நின்று பந்தை எடுத்துத் திருப்பிப் போட்டார். குளிர்கால வெயில் சீக்கிரம் இறங்கியது; மழை தூறத் தொடங்கியது.

"போவமே அம்மா? நனையப் போறீங்கள்."

"இன்னும் கொஞ்சம் எறி" என்றார் சிவனேஸ்வரி.