துரைக்குப் பசித்த ஞாயிற்றுக்கிழமை

நேற்று பால்கனியில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்காக வைத்திருந்த வாளியைக் கவிழ்த்தேன். அடியில் பச்சையாய் ஒரு வழவழப்பு. அதிலிருந்து குப்பென்று எழுந்தது பாசி வாசனை. ஈரமும் இலையும் கொஞ்சம் துருவும் கலந்த வாசனை. கழுவ வந்தவள் கழுவாமல் முகர்ந்துகொண்டே நின்றேன். கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி, வாளிக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கே?"

"நம்ம துரை வாசம் அடிக்குது, அத்தான்."

அவரும் வந்து குனிந்தார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பதை எதிர் பிளாட்டிலிருந்து யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ, நினைக்கட்டும்.

துரை ஒரு மீன். ஆஸ்கர் என்று கடைகளில் விற்பார்களே, அந்த வகை. உள்ளங்கையில் அடங்காத உடம்பு. கரியின் மேல் தணல் கிறுக்கியது போன்ற நிறம். உலகத்தின் மீது நிரந்தர அதிருப்தி கொண்ட கீழுதடு. செகந்திராபாத் பக்கம் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு விஞ்ஞானி அம்மா, தொட்டியோடு அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். திருநெல்வேலிப் பக்கமிருந்து தனியாக வந்து, தெலுங்கும் புரியாமல் உருதும் புரியாமல், யார் எதைக் கேட்டாலும் 'ஹவ் ஹவ்' என்று ஆமாம் போட்டுத் திரிந்த காலம். (அப்படி ஆமாம் போட்டுத்தான் ஒருமுறை பன்னிரண்டு கிலோ வெங்காயம் வாங்கினேன்.) சாயங்காலம் அறைக் கதவைத் திறந்தால், இந்த ஊரில் எனக்காகக் கண்ணாடி வரை ஓடி வந்து உடம்பையே வாலாக ஆட்டிய ஒரே ஜீவன் துரைதான். கல்யாணமாகி மல்காஜ்கிரியில் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது அதுவும் கூடவே வந்தது.

"சீதனமா மீனக் கொண்டாந்தவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாம்ட்டி," என்றார் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான என் புது மாப்பிள்ளை.

வீடு மாறியது துரைக்குப் பிடிக்கவில்லை. தொட்டியின் அடியில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. ஆஸ்கர்கள் கோபித்துக்கொள்ளும், நம்புங்கள். தீவன உருண்டையைப் போட்டால் வாயில் வாங்கி, யோசித்து, என்னைப் பார்த்தே துப்பும். கடையில் தீனிக்கென்று விற்கிற குட்டி மீன்களை வாங்கிப் போட்டேன். அவற்றோடு நோயும் வந்து துரையின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. மருந்தில் புள்ளி போனது, பசியும் போனது. எப்போதாவது ஒரு துண்டு இறால், அவ்வளவே. அதன் நெற்றி உள்வாங்க ஆரம்பித்தபோது, லேபிலிருந்து பஸ் ஏறி, செகந்திராபாத்தில் வளர்ப்பு மீன் விற்கும் பாயிடம் போய் நின்றேன். அழுதும் தொலைத்தேன்.

"ரோனா நக்கோ மேடம்," என்றார் பாய், அழாதீர்கள் என்று. பாலிதீன் பையில் ஒரு ஜோடியைப் பிடித்துப் போட்டார். சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள், அந்தக் காலத்துச் சிறைச் சட்டை போல. அதனாலேயே கான்விக்ட் என்று பெயராம். "இதை வீட்டில் வளர்த்து, குட்டிகளை உங்கள் மீனுக்குத் தீனியாகப் போடுங்கள். நோய் வராது. குட்டி நிற்கவே நிற்காது."

பாய் சொன்னது சத்தியம். இரண்டாவது தொட்டியில் ஒரு உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். பத்தே நாளில் அதன் உள்சுவரில் முட்டைகள், பிறகு துடிக்கும் கமாக்கள், பிறகொரு காலையில் தொட்டியெங்கும் நீந்தும் புகை! அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பழைய கைக்குட்டையில் கட்டித் தண்ணீரில் பிழிவேன். என் ஆபீஸ் பை, என் துப்பட்டா, என் தேனிலவு எல்லாமே முட்டை நாற்றம் அடித்தன. நான் ஒரு கொலைகார மாமியாரின் உற்சாகத்தோடு அந்தக் குஞ்சுகளைக் கொழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது என் கணவரை. அவர் அந்தத் தாய் தகப்பனிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டார். வழி தவறிய குஞ்சைத் தகப்பன் வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்தில் துப்பும். தாய் துடுப்பை அசைத்துக் காய்ந்த இலையைப் புரட்டும், குஞ்சுகள் அடியில் மேயும். கையை விட்டால் இரண்டும் சேர்ந்து விரலைக் கடிக்கும்.

"பாத்தியாட்டி, எங்கம்மையவிட நல்லாப் பாத்துக்கிடுதுவோ. இதப் போயி..."

"துரை செத்துப் போவும், அத்தான்."

"இன்னும் ஒரு வாரம் போட்டும். கொஞ்சம் பெருசாட்டும்."

இப்படியே மூன்று வாரங்கள். குஞ்சுகள் கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டன. துரையோ பத்து நாளாக இறாலையும் தொடவில்லை. நான் வேலைவிட்டு வந்தால் கண்ணை மட்டும் திருப்பும், வாலைத் திருப்பாது. திங்கட்கிழமை யாரையும் கேட்காமல் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் அவர் சர்ச்சில் தாம் பாடம் எடுக்கும் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்தார். பெற்றோர் அன்பைக் கண்ணால் காட்டவாம்! ஏழெட்டு வாண்டுகள். எல்லாம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். நாம் தமிழில் கேட்டால் இந்தியிலோ தெலுங்கிலோ பதில் சொல்வார்கள். அன்றைய பாடம் சிங்கக் கெபியில் தானியேல், சிங்கக் குகையில் தூக்கிப் போட்டும் சாகாத பக்தன். தேவன் சிங்கங்களின் வாயைக் கட்டிப் போட்டதில் அவர்களுக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

நான் அடுப்படியில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து வீட்டுச் சொந்தக்காரர், "நீள்ளு வச்சாயி!" என்று கத்தினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் குழாய்த் தண்ணீர். அந்தக் குரல் கேட்டால் தெருவில் யாரும் மனிதராக இருக்க முடியாது. கணவர் மோட்டார் போட ஓடினார்.

தட்டோடு நான் கூடத்துக்கு வந்தபோது, ஜெனி என்ற எட்டு வயதுக்காரி கையில் சொட்டச் சொட்ட மீன்வலை. துரையின் தொட்டிக்குள் ஒரு குட்டிக் கான்விக்ட். பிள்ளைகள் எல்லோரும் தரையில் முழங்காலிட்டு, கண்ணை இறுக மூடி, தானியேலுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

துரை நிமிர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், படுத்திருந்தது எழுந்து நேராக நின்றது. ஒரு திருப்பம். 'டப்'. அவ்வளவுதான்.

"ஆமென்," என்று கண்ணைத் திறந்தார்கள். "டேனியல் கிதர் கயா?" தானியேல் எங்கே போனான்?

ஒற்றைக் கண்ணைத் திறந்துவைத்தே ஜெபித்திருந்த ஒரு பயல், எழுந்து நின்று சாட்சி சொன்னான்: "ஷேர் கா லியா." சிங்கம் தின்றுவிட்டது.

எத்தனை பிஞ்சு விசுவாசங்கள் என் கூடத்தில் உடைந்து கிடக்கின்றன என்று நான் பதறி முடிப்பதற்குள், ஜெனி வலையைத் தூக்கினாள். கண்கள் ஜொலித்தன.

"ஆன்ட்டி, ஔர் ஏக் டாலூம் க்யா?"

இன்னொண்ணு போடட்டுமா!

சட்டையெல்லாம் நனைந்து மேலே வந்த வாத்தியாரிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் நடந்ததைச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் துரையைப் பார்த்தேன். அது கண்ணாடியில் மூக்கை ஒட்டி, வீடு மாறிய பிறகு முதல் தடவையாக, வாலிலிருந்து தலைவரை ஆடிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேனா அழுதேனா, எலுமிச்சைச் சாறு பாதி என் புடவையில்.

அவர் ஈரக் கையோடு வேதாகமத்தைப் புரட்டினார். அதில் இதற்கு வசனம் இல்லை.

"இந்தச் சிங்கத்துக்குப் பத்து நாளாப் பசி இருந்துச்சுல்லா," என்றார் கடைசியில், பிள்ளைகளிடம். பிறகு ஜெனியிடமிருந்து வலையை வாங்கி, தகப்பன் மீன் கடிக்கக் கடிக்க, இரண்டாவது குட்டியைத் தம் கையாலேயே பிடித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் எங்கள் மாடிப்படி அதிரும். ஞாயிறுபள்ளியில் இடம் போதவில்லை. இந்த எழுப்புதலுக்கு, இந்தத் திடீர் பக்திக்கு, காரணம் புரியாமல் சபைப் பாதிரியாரான ஐயர் பிரசங்கத்திலேயே கர்த்தரை ஸ்தோத்திரித்தார். கான்விக்ட் தம்பதி குஞ்சுகளை இரண்டு நாள் தேடும், மூன்றாம் நாள் பூந்தொட்டியைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடும். எங்கள் வாளி, அண்டா, சட்னி அரைக்கும் ஜார் வரை மீன். துரை தின்று தின்று தட்டு அளவுக்கு ஆனது. இன்னும் ஏழு வருஷம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில், வயதாகி, மரியாதையாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த மாடி வீட்டை இடித்து ஐந்து அடுக்கு எழுப்பிவிட்டார்கள். பாயின் கடையில் இப்போது செல்போன் உறை தொங்குகிறது. ஒற்றைக் கண்ணைத் திறந்து ஜெபித்த பயல் வக்கீலாகிவிட்டான், பொருத்தம்தான். ஜெனி டல்லாஸில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறாள், ஆங்கிலத்தில். எங்களுக்கு இந்தப் பக்கம் சுத்தமான பிளாட், இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர். அது வந்ததென்று கீழேயிருந்து கத்த ஒரு ஆள் கிடையாது. கூடத்தில் அவர் பேப்பர் படிக்கிறார், நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் தின்பதில்லை. அப்படி ஒரு அமைதி.