ரிம்மில் ஒரு கோடு இல்லை

இன்று காலையில் என் தம்பி தன் பைக்குக்குப் புதுப் பின் டயர் வாங்கி வந்தான். கடையில் மாட்டினால் ரிம்மில் கீறல் விழுந்துவிடுமாம். அலாய் வீல். அதைத் துடைப்பதற்கென்றே தனித் துணி வைத்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் விடுவாரா?

"கடை எதுக்கு மாப்ள? நான் கையிலயே மாத்தித் தாரேன். ஒரு கோடு உழுந்தாலும் என்னையக் கேளு."

"உழுந்துச்சுன்னா அக்கா புருசன்னும் பாக்க மாட்டேன் மாமா."

கடலை எண்ணெய் வாங்க நான் வைத்திருந்த பிளாஸ்டிக் கேனை எடுத்துப் பட்டை பட்டையாக அறுத்தார். நெம்புகிற கம்பி ரிம்மில் படாமல் இருக்க, நடுவில் அதைச் சொருகினார். சோப்புத் தண்ணீர் வேறு. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம். பழைய டயர் கழன்றது, புதுசு ஏறியது.

ரிம்மில் ஒரு கோடு இல்லை.

காற்றடித்தார்கள். நிற்கவில்லை.

"ஏனுங்க, உள்ள ட்யூப்பைக் கம்பியில கடிச்சுப்போட்டீங்களா?" என்றேன்.

"நீ போயி காப்பி வையி."

காப்பி குடித்துவிட்டு, இரண்டு பேரும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்கே போனார்கள். கடைக்காரர் ட்யூப்பில் இரண்டு ஓட்டையைக் காட்டினாராம். அப்புறம் ரிம்மைத் தடவிப் பார்த்து, "யாருங்க கழட்டுனது? ஒரு கீறல்கூட இல்லீங்களே" என்றாராம். தம்பிதான் வந்து சொன்னான்.

வீட்டுக்காரர் அந்தப் பின்பாதியை மட்டும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முன் டயரும் தேய்ந்துதான் இருக்கிறதாம். காலி எண்ணெய்க் கேன் வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள். என்னிடம் மிச்சம் இருப்பது மூடிதான்.