ஈர்க்குச்சிப் பரீட்சை

போன வாரம் கண்ணாடிக் கடைக்காரர், விசிறி போலக் கோடுகள் விரிந்த அட்டை ஒன்றைக் காட்டி, எந்தக் கோடு அதிகக் கறுப்பு என்று கேட்டார். சொன்னால் சிரிப்பீர்கள், பரீட்சை என்றால் இந்த வயதிலும் எனக்கு வியர்க்கும். அன்று வியர்த்தது வேறு காரணத்துக்காக.

சின்ன வயதில் நாங்கள் டெல்லியில், கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தங்கை மீனா இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்தவள். மொட்டைமாடியில் நின்றால் பெரிய ஆஸ்பத்திரி தெரியும். அப்பாவுக்கோ ஊர் டாக்டரிடம்தான் நம்பிக்கை. "அடுத்த எல்.டி.சி.ல திருநெல்வேலி போவோம்லா, அங்க பாத்துக்கிடலாம்" என்பார். ஊருக்குப் போகச் சர்க்கார் கொடுக்கும் அந்த ரயில் சலுகைக்காகக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் காத்திருக்கும் வீடு எங்களுடையது. கண்ணும் காத்திருந்தது. ஆபரேஷன் நடந்தபோது மீனாவுக்கு நாலு வயது.

கட்டைப் பிரித்த டாக்டர் சொன்னார்: "கண்ணு சுத்தமாயிட்டு சார். ஆனா நிக்கிற கோட்டுக்கு, படுத்த கோட்டுக்கு, சாஞ்சதுக்குன்னு மூளையில தனித்தனி செல்லு உண்டு. கைக்குழந்தையிலேயே பாத்துப் பாத்து அதுக பழகணும். இல்லேன்னா கண்ணு பாக்கும், மூளைக்குப் புரியாது. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

அப்பா விடவில்லை. டெல்லி திரும்பியதும் தினமும் ஆபீஸ் விட்டு வந்து, துடைப்பத்தில் ஓர் ஈர்க்குச்சியை உருவி மீனா முன்னால் பிடிப்பார். "குச்சி நிக்குதா, படுத்திருக்கா?" சோடாபுட்டிக் கண்ணாடிக்குள் அவள் திருதிருவென விழிப்பாள். பிறகு அப்பா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். பத்து வயதில் எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. மீனாவுக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகை விரலால் தொட ஆரம்பித்தேன். ஒரு முறை தொட்டால் நிற்கிறது, இரண்டு என்றால் படுத்திருக்கிறது, மூன்று சாய்ந்தது என்று அவளுக்கு ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

"செல்லு முழிச்சிட்டு, பாத்தியா!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கூத்தாடினார் அப்பா. கண் தெரியாதவர்களுக்கான பள்ளியில் சேர்க்க வாங்கி வைத்திருந்த பாரத்தைக் கிழித்துப் போட்டார். மீனா என் பள்ளிக்கே வந்தாள். பாடங்களைக் காதால் கேட்டே ஒப்பித்தாள்.

ஆறு மாதம் கழித்து டீச்சர் அப்பாவை அழைத்து, குழந்தைக்கு ஓர் எழுத்துகூட அடையாளம் தெரியவில்லை என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும், "நீ அடுப்பங்கரைக்குப் போ" என்று என்னை அனுப்பிவிட்டு அப்பா குச்சியை எடுத்தார். மீனா முதுகுக்குப் பின்னால் கையால் துழாவினாள்.

"அக்கா இல்லாம எப்படிப்பா சொல்ல?" என்றாள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மறுபடி பாரம் வாங்கப் போனபோது அந்த வருஷச் சேர்க்கை முடிந்திருந்தது.

அந்தக் குவார்ட்டர்ஸையெல்லாம் இடித்து இப்போது உயர உயரமாகக் கட்டிவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்த ஆறு மாதம் இருந்த சந்தோஷம் முழுக்க நான் சொன்ன பொய். அதற்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.