தூக்க டாக்டர்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டி ஓட்டிய அக்பர் அலி பாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஊர் டாக்டர்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் பெயர். எலும்பு டாக்டர், சக்கரை டாக்டர், பிரசவ டாக்டரம்மா. எங்கள் கிளினிக் பலகையில் ‘மனநல மருத்துவர்’ என்றிருந்தது. இவரை மட்டும் ஊர்க்காரர்கள் பைத்தியக்கார டாக்டர் என்றார்கள். பாய் வைத்த பெயரோ தூக்க டாக்டர்.

நான் அங்கே கம்பவுண்டர். எனக்கு எரிச்சலான எரிச்சல். “அவர் படிச்ச படிப்பை நீங்க மாத்துவீங்களா பாய்?” என்று சண்டைக்கே போயிருக்கிறேன். “நீங்க மாத்திரை குடுங்க, நான் ஆளைக் கூட்டியாரேன்” என்பார். திமிரைப் பாருங்கள்!

எண்பத்து நாலில் ஒரு வியாழக்கிழமை. மாரண்டஹள்ளி தீர்த்தம்மாளும் அவர் மருமகள் கோவிந்தம்மாளும் பாய் வண்டியில் வந்து இறங்கினார்கள். மருமகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். தூக்கமே இல்லை, ஓயாத அழுகை, குழந்தையைத் தொடவும் பயம்.

வாசலிலேயே மாமியார் என்னை மறித்தார். “இது பைத்தியக்கார டாக்டருன்னு பஸ்ல ஒருத்தி சொன்னா. நெசமாங்க? அப்படின்னா இவளை இப்பவே அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிப்புடுவேன். கொழந்தையக் குடுக்க மாட்டேன்.”

கோவிந்தம்மாள் தலை நிமிரவில்லை. பாய் என்னையே பார்த்தார். அந்த மனிதர் கண்ணில் கெஞ்சலை அன்றுதான் கண்டேன். சரியான பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“தூக்க டாக்டருங்கம்மா. உள்ள வாங்க.”

அவர்கள் உள்ளே போனதும் பாய் குதிரைக்குப் புல் போட்டபடி சொன்னார். “எந்தம்பி பைத்தியக்கார டாக்டருங்கற பேருக்குப் பயந்தே எந்த டாக்டர்கிட்டயும் வரலீங்க. கெணத்துல போய் வுழுந்துட்டான்.” இத்தனை வருஷம் அந்த மனிதரோடு மல்லுக்கு நின்றதை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஏழெட்டு மாதம் மாத்திரை ஓடியது. கடைசியாக வந்தபோது கோவிந்தம்மாள் இடுப்பில் குழந்தை. மாமியார் வெளியே வண்டியில் இருந்தார். மனசு கேட்காமல், “அன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டேம்மா” என்று ஆரம்பித்தேன்.

“எந்த டாக்டருன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க” என்றாள். “நீங்க என்ன சொல்லப் போறீங்களோன்னுதான் நடுங்கிட்டு நின்னேன். நெசத்தைச் சொல்லியிருந்தா, இவன் இன்னிக்கு என்னை அம்மான்னு கூப்பிட்டிருக்க மாட்டானுங்க.”