தலைமாட்டுப் பலகை

நான் கிட்டார் செய்கிறவன். அதன் முதுகுக்குப் பழைய ஈட்டி மரம்தான் வேண்டும். புது மரம் மதுரை வெயிலில் வெடித்துத் தொலைக்கும். அதனால் கோரிப்பாளையத்துப் பழைய சாமான் கடைகளில் கட்டில்களாகப் பார்த்து வாங்குவேன். ஒருவர் உயிர்விட்ட கட்டிலை எங்கள் பக்கத்தில் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்கு வருவதெல்லாம் அப்படிப்பட்டவைதான். கிட்டார் வாங்க வருகிறவர்கள் இது தெரியாமல் மரத்தை முகர்ந்து பார்த்துச் சிலாகிக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

இந்தக் கோடையில் அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போனது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அப்பா படுத்திருந்ததும் ஈட்டிக் கட்டில்தான். ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் மடக்கிய விரல் தானாகப் போய்த் தலைமாட்டுப் பலகையைத் தட்டியது. கடையில் மரம் எடுக்கும்போது நாதம் பார்க்கத் தட்டுகிற அதே தட்டு. சத்தம் மந்தமாக இருந்தது. இன்னொரு தடவை தட்டினேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். நான் எதற்கு மரத்தைத் தட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. பலகையில் சாய்ந்திருந்த தலையைச் சிரமப்பட்டு நகர்த்திக்கொண்டார்.

“இப்பத் தட்டிப் பாருய்யா” என்றார்.